கண்ணை மூடினால் சந்தை கூடுகிறது: வாசகர் கேள்விகள்

பௌத்தத் தியானம் பற்றி எழுதுங்கள் என்று கேட்டதோடு நில்லாமல், கேள்விகளையும் கட்டுக்கட்டாக அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்; பிழைதிருத்துநராக வேலை பார்த்த கை சும்மா இருக்காது. நான் குருவும் அல்ல, பிக்குணியும் அல்ல. பௌத்த நூல்களின் அச்சுப்படிகளைத் திருத்தப் போய், பிழையை விட்டுவிட்டு விஷயத்தில் விழுந்தவள். உட்காரவும் செய்கிறேன். அந்த அளவுக்குத்தான் இந்தப் பதில்கள்.

*அம்மா, தினமும் அரை மணி நேரம் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். இரண்டு மூச்சுக்கு மேல் மனம் நிற்பதில்லை. கடன், அலுவலகம், பழைய சண்டை என்று சந்தை கூடிவிடுகிறது. மனத்தை வெறுமையாக்க என்ன வழி? எனக்கு இது ஒத்துவராதா? (அலுவலகப் பணியில் இருக்கும் வாசகர்)*

வெறுமையாக்கச் சொன்னது யார்? குரு நாட்டின் கம்மாசதம்மம் என்ற ஊரில் புத்தர் பிக்குகளுக்கு ஆற்றிய சதிபட்டானப் பேருரை புத்தர் உரைகளின் பாலி மொழித் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் பத்தாவதாக இருக்கிறது. இன்று விபாசனா என்ற பெயரில் கற்பிக்கப்படுவதற்கெல்லாம் பெரும்பாலும் அதுதான் வேர். உடல், நுகர்ச்சி (இன்ப துன்ப உணர்வு), மனம், மனத்துக்குப் புலப்படும் பொருள்கள் என நான்கைக் கவனிக்கச் சொல்கிறது. மனத்தைப் பற்றிய பகுதி மிகச் சிறியது. ஆசை உள்ள மனத்தை ஆசை உள்ள மனம் என்று அறிகிறான், ஆசை இல்லாத மனத்தை ஆசை இல்லாத மனம் என்று அறிகிறான். வெறுப்புக்கும் மயக்கத்துக்கும் இப்படியே. சுருங்கிக் கிடக்கும் மனத்தைச் சுருங்கியது என்று அறிகிறான், சிதறிய மனத்தைச் சிதறியது என்று அறிகிறான். சிதறியதைக் கூட்டு, ஆசையைத் துரத்து என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. பிழையைக் கண்டால் உடனே கோடு போட்டுப் பழகிய எனக்கு இது எளிதில் செரிக்காத பகுதி. பார், அறிந்துகொள், கை வைக்காதே என்கிறது.

உங்கள் சந்தை எப்படிக் கூடுகிறது என்று ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். மூச்சு உள்ளே வருகிறது. எங்கோ ஒரு கதவு சாத்தப்படுகிறது. முதலில் வெறும் சத்தம். காதில் பட்டது, அவ்வளவே. உடனே 'கதவு' என்ற அடையாளம். அடுத்து, கதவை அறைந்து சாத்துகிற ஒருவரின் முகம். அந்த முகம் போன வருஷம் சொன்ன ஒரு சொல். அப்போது சொல்லத் தவறிய பதில் இப்போது இன்னும் கூர்மையாகத் தயாராகிறது. மூச்சு எங்கே போனது என்றே தெரியவில்லை. திடீரென்று விழித்துப் பார்த்தால் தாடை இறுகியிருக்கிறது, தோள் காதுவரை ஏறியிருக்கிறது.

இதில் எந்தக் கட்டத்தை நீங்கள் தீர்மானித்தீர்கள்? சத்தத்தை நீங்கள் அழைக்கவில்லை. முகத்தையும் அழைக்கவில்லை. கோபப்படலாம் என்று யோசித்துக் கோபப்படவில்லை. விழித்துக்கொண்டதுகூட நீங்கள் முயன்று நடந்ததல்ல, தானாக நடந்தது. ஒன்று இருந்ததால் அடுத்தது வந்தது.

ஞானம் பெற்ற பின் இசிபதனத்தில், இன்றைய சாரநாத்தில், ஐந்து துறவிகளுக்குப் புத்தர் ஆற்றிய இரண்டாவது உரை அனத்தலக்கணம். அதில் அவர் வைக்கும் வாதம் உங்கள் புகாரேதான். உடல் 'நான்' என்றால், இந்த உடல் இப்படி இருக்கட்டும், அப்படி இருக்க வேண்டாம் என்று சொல்ல முடிய வேண்டும், முடியவில்லை. நுகர்ச்சி, குறிப்பு (அடையாளம் காண்பது), பாவனை (மனத்தின் உந்துதல்கள்), அறிவு ஆகிய மற்ற நான்கையும் அப்படி ஆட்டிவைக்க முடியவில்லை. அப்புறம் எதைப் பிடித்து 'நான்' என்பது? மனம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து பேரும் அதைக் கேட்டு விடுதலை அடைந்தார்கள் என்கிறது நூல்; நீங்கள் தியானம் ஒத்துவராது என்று முடிவு கட்டுகிறீர்கள்.

இன்னொரு பாலித் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் இதைவிடத் துணிச்சலான ஓர் இடம் உண்டு. நான் என்று எதையாவது பிடித்தே ஆக வேண்டுமென்றால், மனத்தைவிட உடலைப் பிடிப்பது மேல் என்கிறார் புத்தர். உடலாவது ஒரு வருஷம், பத்து வருஷம், நூறு வருஷம் நிற்பதைப் பார்க்கிறோம். மனம் என்று சொல்லப்படுவதோ இரவும் பகலும் ஒன்றாக எழுந்து வேறொன்றாக மறைகிறது. காட்டில் ஒரு கிளையை விட்டு மறு கிளையைப் பிடிக்கும் குரங்கைப் போல. குரங்கு உவமையை எல்லோரும் சொல்கிறார்கள். அது எதற்காகச் சொல்லப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. குரங்கைக் கட்டிப்போடு என்பதற்காக அல்ல. அதைப் போய் 'நான்' என்கிறாயே என்பதற்காக.

இதனால் அமைதியே வேண்டாம் என்று பொருளல்ல. ஓரளவு அடங்காத மனத்தால் தன்னையே பார்க்க முடியாது. அதற்குப் பழைய உபாயம் எண்ணுவது. விசுத்திமக்கம் என்ற நூலில் பாலி உரையாசிரியர் புத்தகோசர் திட்டமாகச் சொல்கிறார்: மூச்சை எண்ணும்போது ஐந்துக்குக் கீழே நிறுத்தாதே, பத்துக்கு மேலே போகாதே. எட்டில் தவறவிட்டால் மீண்டும் ஒன்று. தவறவிட்டதற்கு உங்களையே திட்டிக்கொள்வது இன்னொரு எண்ணம். அதையும் எண்ணம் என்று அறிந்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஒரே கெட்ட எண்ணம் விடாமல் வந்து குடைந்தால் மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாவது உரையில் ஐந்து வழிகள் உண்டு. அதற்கு மாற்றாக நல்ல எண்ணம் ஒன்றை வைப்பது, அதன் தீமையை நினைப்பது, அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, அதன் வேகத்தைப் படிப்படியாகத் தணிப்பது. நான்கும் பலிக்கவில்லை என்றால் பல்லைக் கடித்து, நாவை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தால் மனத்தை நசுக்குவது. பலரும் அந்த ஐந்தாவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

*கண்ணை மூட வேண்டுமா, திறந்திருக்க வேண்டுமா? பத்மாசனம் கட்டாயமா? காலையா, மாலையா? (மூத்த வாசகர்)*

இலங்கை, பர்மா, தாய்லாந்தில் வழங்கும் தேரவாதத்தில் பெரும்பாலும் மூடுகிறார்கள். ஜென் மரபில் பாதி திறந்து பார்வையைத் தாழ்த்துகிறார்கள். திபெத்திய முறைகள் சிலவற்றில் முழுவதும் திறந்தே வைக்கிறார்கள். தூக்கம் வந்தால் திறவுங்கள், கண் அலைந்தால் மூடுங்கள். முதுகு நிமிர்ந்திருந்தால் நாற்காலி போதும். நின்று, நடந்து, படுத்துச் செய்யலாம் என்று அந்தச் சதிபட்டான உரையே சொல்கிறது. நேரம் உங்கள் வசதி.

*மூச்சைக் கவனி என்கிறார் ஒருவர், வயிற்றைக் கவனி என்கிறார் இன்னொருவர், உடல் முழுக்க உணர்ச்சிகளைத் தேடு என்கிறார் மூன்றாமவர். எது புத்தர் சொன்ன அசல் முறை? (மருந்தாளுநராகப் பணிபுரியும் வாசகி)*

மூவரும் அசல் என்றே சொல்வார்கள். மூன்றுக்கும் பர்மாவோடு தொடர்பு உண்டு. 1885ல் பர்மாவின் கடைசி அரசர் பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தார். அரசரின் ஆதரவு போனால் தம்மம், அதாவது புத்தரின் போதனை, என்னாகும் என்ற கவலை எழுந்த காலத்தில், லெடி சயடோ (1846–1923) என்ற பிக்கு, அதுவரை மடத்துக்குள் கிடந்த அபிதம்மத்தையும் (மனத்தைப் பகுத்தாராயும் தத்துவம்) தியானத்தையும் குடும்பஸ்தர்களிடம் கொண்டுபோனார். அவருடைய வழியில் வந்த ஊ பா கின் (1899–1971) பிக்குவே அல்லர். சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்கு அதிகாரி. உடல் முழுக்க உணர்ச்சிகளைத் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டு போகும் முறை அவர் வழியாகப் பரவியது. அவருடைய மாணவர் கோயங்கா (1924–2013) 1969ல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, நடப்பதையெல்லாம் 'எழுகிறது, தாழ்கிறது, கேட்கிறது, வலிக்கிறது' என்று மனத்துக்குள் குறித்துக்கொள்ளும் முறை மகாசி சயடோ (1904–1982) பரப்பியது. மூச்சோ, ஆனாபானசதிப் பேருரையிலேயே பதினாறு படிகளாக இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், எதை வைத்துப் பார்க்கிறோம் என்பது இரண்டாம்பட்சம். வயிற்றை வைத்தும் அனிச்சத்தை, அதாவது நிலையாமையை, பார்க்கலாம். மூச்சை வைத்தும் வெறும் சுகத்தில் மிதக்கலாம். ஒன்றைப் பிடித்தால் சில மாதங்களாவது விடாமல் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு முறை மாற்றுபவர்களுக்குக் கைவருவது ஒன்றே ஒன்று: மாற்றும் பழக்கம்.

*பத்து நாள் முகாமுக்குப் போனேன். முழங்கால் உயிர் போகிற வலி. 'வலியைச் சமநிலையோடு கவனி' என்றார்கள். கவனித்தேன். கூடுதலாக வலித்தது! வலியை அனுபவிக்க முகாம் எதற்கு? (கணினித் துறையில் இருக்கும் வாசகர்)*

முதலில் ஒன்று. எழுந்து நடந்த பின்னும் வலி நீடித்தால், வீங்கினால், மரத்துப்போய் மீளாவிட்டால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய முழங்கால். தம்மத்துக்கு அதில் வேலை இல்லை. காலை மாற்றிக்கொள்வது பாவமும் அல்ல.

எழுந்ததும் போய்விடுகிற வலியாக இருந்தால், அது நல்ல ஆசிரியர். நீங்கள் கவனித்தது வலியையா, 'வலி' என்ற பெயரையா? பெயரை விட்டுவிட்டு உள்ளே போனால் அங்கே பல சங்கதிகள் இருக்கும். முழங்காலின் உட்புறத்தில் ஒரு சூடு. அதற்குச் சற்றுக் கீழே துடிப்பு. நாடியோடு சேர்ந்து வந்து போகிறது. ஓர் இறுக்கம், அது முழங்காலில்கூட இல்லை, வலிக்கு அஞ்சித் தொடை தானாக இறுக்கிக்கொண்டது. இவற்றோடு முழங்காலில் எங்குமே இல்லாத ஒன்றும் இருக்கிறது: 'இன்னும் எவ்வளவு நேரம்?' சூடு இந்த நொடியில் இருக்கிறது. 'இன்னும் எவ்வளவு நேரம்' என்பது இனி வரப்போகும் எல்லா நொடிகளின் சூட்டையும் இப்போதே கூட்டிச் சேர்த்துத் தலையில் வைக்கிறது. கூடுதலாக வலித்தது என்கிறீர்களே, அந்தக் கூடுதல் இங்கிருந்து வந்ததா என்று பார்த்தீர்களா?

சல்லத்த சூத்திரம் இதைத்தான் இரண்டு அம்புகளாகச் சொல்கிறது. போதனை கேளாதவன் உடலில் ஓர் அம்பு பட்டதும் புலம்பி, மனத்தில் இரண்டாவது அம்பையும் வாங்கிக்கொள்கிறான். போதனை கேட்ட சீடனுக்கு முதல் அம்பு மட்டும். முதல் அம்பு படவே படாது என்று அந்த நூல் யாருக்கும் வாக்குறுதி தரவில்லை என்பதைக் கவனியுங்கள். புத்தருக்கே கல் சில்லுப் பட்டுக் கால் காயமாகி வலித்திருக்கிறது.

இரண்டாவது அம்பு எந்த இடத்தில் நுழைகிறது? மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் பன்னிரண்டு நிதானங்களை, துன்பம் பிறக்கும் காரணச் சங்கிலியின் கண்ணிகளை, சொல்கிறார். அதன் நடுப்பகுதி, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று போகும். புலன் இருக்கிறது, பொருள் வந்து படுகிறது, இன்பமாகவோ துன்பமாகவோ நுகர்வு எழுகிறது. இதுவரை நடப்பதை உங்களால் தடுக்க முடியாது. வேண்டும் அல்லது வேண்டாம் என்ற இழுப்பு அதற்கு அடுத்தது. நுகர்வும் வேட்கையும் ஒட்டிக்கொண்டே வருவதால் ஒன்றே என்று நினைக்கிறோம். அவை இரண்டு என்று ஒருமுறையாவது நேரில் தெரிய வேண்டும். அதற்குத்தான் அசையாமல் உட்காரச் சொல்வது. முழங்கால் வலி அதற்கு வசதியான இடம்: கூப்பிடாமல் வரும், ஓடிப்போகாது, கற்பனை என்று தள்ளவும் முடியாது. நமைச்சலிலும் செய்து பார்க்கலாம். மூக்கு நுனியில் அரிப்பு எழுகிறது. கை இன்னும் எழவில்லை. ஆனால் எழுவதற்கான உந்துதல் முழங்கைக்கு அருகில் வந்துவிட்டது. அரிப்பு மூக்கில், உந்துதல் கையில். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன என்று பார்க்கிற அந்த நொடிக்காகப் பத்து நாள் உட்காரலாம்.

*எண்ணங்களைப் பார்க்கும் சாட்சிதான் உண்மையான 'நான்' என்று என் யோகா ஆசிரியர் சொல்கிறார். பௌத்தத்தில் அந்தச் சாட்சியும் இல்லையாமே? பார்ப்பவன் இல்லாமல் பார்வை எப்படி? (கல்லூரி மாணவி)*

உங்கள் ஆசிரியர் சொல்வது வேதாந்தம். மதிப்புக்குரிய மரபு. பௌத்தம் சரியாக இந்த இடத்தில்தான் அதனிடமிருந்து பிரிகிறது. இரண்டும் ஒன்றையே வேறு வார்த்தைகளில் சொல்கின்றன என்று சமாதானம் செய்துவைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டையும் அவமதிக்கும் சமாதானம் அது.

சாதி என்ற பிக்கு, மீனவர் மகன், ஒரே அறிவுதான் மாறாமல் பிறவிதோறும் ஓடித் திரிகிறது என்று புத்தர் போதித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் அழைத்து, எந்த அறிவு என்று கேட்டார். பேசுவதும் உணர்வதும் வினைப்பயனை அனுபவிப்பதுமான அது என்றார் சாதி. நீங்கள் சாட்சி என்பதும் ஏறக்குறைய அதுவே. புத்தர் கடிந்துகொண்டு சொன்ன விளக்கம்: கண்ணும் உருவமும் இருந்தால் எழுவது கண்ணறிவு, செவியும் ஒலியும் இருந்தால் எழுவது செவியறிவு. விறகில் பற்றினால் விறகுத் தீ, புல்லில் பற்றினால் புல் தீ, சாணத்தில் பற்றினால் சாணத் தீ. விறகையும் புல்லையும் சாணத்தையும் கழித்துவிட்டுத் தனியே ஒரு தீ எங்கே இருக்கிறது?

படித்து ஒப்புக்கொள்ள வேண்டாம், செய்து பாருங்கள். அமைதியாக உட்கார்ந்து, எண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் 'பார்ப்பவன்' எங்கே என்று தேடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் தென்படுவது கண்ணுக்குப் பின்னால், நெற்றிக்கு உள்ளே, ஓர் இடம். அங்கிருந்துதான் பார்க்கிறேன் என்று தோன்றும். இன்னும் கூர்ந்தால் அந்த இடத்தில் இருப்பது ஒரு மெல்லிய இறுக்கம். உற்றுப் பார்க்கும்போது புருவத் தசை செய்யும் வேலை. அதுவும் ஓர் உணர்ச்சி. தெரிகிற பொருள், பார்ப்பவன் அல்ல. சரி, அந்த இறுக்கத்தைப் பார்ப்பவன் எங்கே? சற்றுப் பின்வாங்கி இன்னொருவன் நிற்பதாகத் தோன்றும். அவனையும் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் கையில் சிக்குவது இன்னொரு உணர்ச்சி, இன்னொரு உருவம், 'நான்தான் பார்க்கிறேன்' என்ற இன்னொரு எண்ணம். தெரிதல் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

திபெத்தின் மகாமுத்திரை மரபில் இதை முறையான பாடமாகவே வைத்திருக்கிறார்கள். மனத்துக்கு நிறம் உண்டா, வடிவம் உண்டா, உடலுக்குள்ளா, வெளியிலா? எண்ணம் எங்கிருந்து வந்தது, எங்கே நிற்கிறது, எங்கே போனது? ஆசிரியர் கேட்பார், மாணவர் போய் உட்கார்ந்து தேடிவிட்டு வந்து சொல்ல வேண்டும். 'நிறம் இல்லை' என்று உட்காராமலே சொல்லிவிடலாம். அந்தப் பதில் செல்லாது.

சீனத்தில் ஒரு கதை சொல்வார்கள். போதிதர்மரிடம் ஹுயிகே வந்து, என் மனத்துக்கு அமைதி இல்லை, அமைதிப்படுத்துங்கள் என்றார். மனத்தைக் கொண்டுவா, செய்கிறேன் என்றார் போதிதர்மர். தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்றார் ஹுயிகே. அப்படியானால் அமைதிப்படுத்தியாயிற்று என்றார் அவர். (போதிதர்மர் எந்த ஊர்க்காரர் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.) இந்தக் கதையை நகைச்சுவையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், 'தேடித் தேடிப் பார்த்தேன்' என்ற பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'சாட்சி இல்லை' என்பதையும் கொள்கையாகப் பிடித்துக்கொண்டு விவாதத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஆத்மா உண்டா என்று வச்சகோத்தர் என்ற நாடோடித் துறவி கேட்டபோது புத்தர் பேசாமல் இருந்தார். இல்லையா என்று கேட்டபோதும் பேசாமல் இருந்தார். ஏன் என்று சீடர் ஆனந்தர் பிறகு விசாரித்தார். இல்லை என்று சொல்லியிருந்தால், 'முன்பு இருந்த ஆத்மா இப்போது போய்விட்டதே' என்று வச்சகோத்தர் மேலும் குழம்பியிருப்பார் என்றார் புத்தர்.

*சரி, ஆத்மா இல்லை. வினைப்பயனை அனுபவிப்பது யார்? (ஓய்வு பெற்ற வழக்கறிஞர்)*

மோலிய பக்குணர் என்ற பிக்கு உங்களுக்கு முன்பே குறுக்கு விசாரணை செய்துவிட்டார். யார் நுகர்கிறார் என்று கேட்டார். கேள்வி சரியில்லை என்றார் புத்தர். எதனால் நுகர்வு உண்டாகிறது என்று கேள், ஊறு (புலனில் பொருள் படுவது) இருப்பதால் என்று சொல்வேன். தொடர்ச்சி எப்படி என்பதற்கு மிலிந்த அரசருக்கு நாகசேனர் என்ற பிக்கு சொன்ன விளக்கு உண்டு. இரவு முழுக்க எரிகிற விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்று என்று சொல்ல முடியாது, வேறு விளக்கு என்றும் சொல்ல முடியாது. பொறுப்பு அற்றுப்போய்விடுகிறதே என்பது உங்கள் கவலையானால், மிலிந்தரின் கவலையும் அதுவே. இன்னொருவன் நட்ட மாமரத்தில் பழம் திருடியவன், 'அவன் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு பழம்' என்று வாதாடினால் விடுவீர்களா என்று நாகசேனர் திருப்பிக் கேட்டார்.

*தியானத்தில் வெண்மையான ஒளி தெரிகிறது. உடலே இல்லாததுபோல் இருக்கிறது. இது எந்த நிலை? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)*

விபாசனாவில் முன்னேறுகிறவரை மயக்கும் பத்து மாசுகளை விசுத்திமக்கம் பட்டியலிடுகிறது. முதலாவது ஒளி. பரவசம், உடல் அமைதி, சுகம், உறுதியான நம்பிக்கை எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. பத்தாவது, இவற்றின் மேல் எழும் நுட்பமான விருப்பம். ஒளி தானாகக் கெட்டதல்ல. மன ஒருமை கூடும்போது பலருக்கு வரும். ஒளி வந்தது, அடுத்த நாள் வரவில்லை, வராததால் ஏமாற்றம் வந்தது. மூன்றையும் ஒரே கண்ணோடு பார்த்தால் போதும். எந்த நிலை என்று கேட்கிற அந்தத் துடிப்பு இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா?

*மனப்பதற்றத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன். நீண்ட நேரம் உட்கார்ந்தால் பயம் கூடுகிறது. எல்லாம் உண்மையில்லாததுபோல் தோன்றுகிறது. தொடர்ந்து செய்தால் சரியாகுமா? மருந்தை நிறுத்தலாமா? (வாசகி)*

மருந்தை நிறுத்தாதீர்கள். நீண்ட அமர்வுகளை இப்போதைக்கு நிறுத்துங்கள். பயம் கூடுவதையும், எல்லாம் உண்மையில்லாததுபோல் தோன்றுவதையும் உங்கள் மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 'இது ஞானத்தின் படிதான், தாங்கிக்கொண்டு தாண்டு' என்று உங்களை நேரில் பார்க்காத யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பயத்தைப் பற்றிப் பேசும் ஞானப் படிகள் நூல்களில் உண்டு. ஆனால் உங்களுக்கு வருவது அதுவா, நோயின் வேலையா என்று பத்திரிகையில் உட்கார்ந்து என்னாலும் சொல்ல முடியாது.

தியானம் எல்லோருக்கும் எப்போதும் நல்லதே செய்யும் என்று பௌத்தமும் சொல்லவில்லை. வேசாலியில் உடலின் அருவருப்பைத் தியானித்த பிக்குகள் சிலருக்கு அது விபரீதமாகப் போனது. அறிந்ததும் புத்தர் அவர்களைக் குறை சொல்லவில்லை, முறையை மாற்றினார். கண்ணைத் திறந்து, காலடி தரையில் படுவதை உணர்ந்து, சிறிது நேரம் நடப்பதும் தியானமே. அதுவும் சிரமமாக இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

*மனம் இயல்பிலேயே தூய்மையானது என்று ஜென், திபெத்திய ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஏற்கெனவே தூய்மையாக இருப்பதற்குப் பயிற்சி எதற்கு? (தமிழாசிரியர்)*

பாலி நூலிலும் அது இருக்கிறது. 'இந்த மனம் ஒளி பொருந்தியது. வந்து சேரும் மாசுகளால் மாசுபடுகிறது' என்று அங்குத்தர நிகாயம் சொல்கிறது. மாசு வந்து சேர்ந்தது, மனத்தின் சொந்தச் சொத்து அல்ல. அதனால்தான் போகவும் முடியும்.

நீங்கள் கேட்ட கேள்விக்காக எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திபெத்தில் ஒரு வாதமே நடந்தது. அரசர் திரிசோங் தெத்சென் முன்னிலையில், சாம்யே மடத்தில். சீனத் துறவி மோகேயன் ஒரு பக்கம்: எண்ணம் நல்லதானாலும் கெட்டதானாலும் சூரியனை மறைக்கும் மேகமே, எதையும் நினைக்காதே, விடுதலை அங்கேயே இருக்கிறது. இந்தியாவிலிருந்து போன கமலசீலர் மறு பக்கம்: ஆராயாமல், ஒழுக்கத்தையும் கருணையையும் படிப்படியாக வளர்க்காமல், வெறுமே நினையாதிருந்தால் அது மூர்ச்சையிலிருந்து எப்படி வேறுபடும்? கமலசீலர் வென்றதாகத் திபெத்திய வரலாறுகள் சொல்கின்றன. சீனப் பக்கத்து ஆவணம் வேறு மாதிரிச் சொல்கிறது. இப்படித்தான் எல்லா விவாதங்களும்.

நான் கமலசீலர் கட்சி. தூய்மையானது என்று கேள்விப்பட்டதால் ஒருவருடைய நாக்கின் கூர்மை குறைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மோகேயன் பக்கத்திலும் ஒரு சரக்கு இருக்கிறது. சில நேரம் கடுமையாக முயல்வதே தடையாக நிற்கும். முயற்சியை விட்ட கணத்தில் மனம் தெளிந்து கிடக்கும். அதிலும் உழைத்துக் களைத்தவருக்குத்தான் அந்த விடுதல் வாய்க்கிறது. உழைக்காதவர் எதை விடுவார்?

*நேரடியாகக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்களுக்கு ஏதாவது ஞானம் கிடைத்திருக்கிறதா? (பல வாசகர்கள்)*

இந்தக் கேள்வியை ஒரு பிக்குவிடம் கேட்டுவிடாதீர்கள். வச்சி நாட்டில் பஞ்சம் வந்தபோது, வக்குமுதா ஆற்றங்கரையில் தங்கியிருந்த பிக்குகள், இவர் இந்த நிலையை அடைந்தவர், அவர் அந்த நிலையை அடைந்தவர் என்று ஊராரிடம் ஒருவரையொருவர் புகழ்ந்து நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்தார்கள். புத்தர் கண்டுபிடித்துவிட்டார். இல்லாத நிலையை அடைந்ததாக வேண்டுமென்றே சொல்பவர் பிக்குவே அல்ல என்று விதி போட்டார். உண்மையாகவே அடைந்திருந்தாலும் துறவு ஏற்காதவரிடம் அதைச் சொல்வது குற்றம்தான், சிறிய குற்றம். தங்கள் ஞானத்தை மேடையில் அறிவிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆற்றங்கரை நினைவுக்கு வரும்.

நான் பிக்குணி அல்லாததால் என்னை இந்த விதி கட்டாது. கிடைக்கவில்லை. என் பக்கத்தில் யாராவது ஒரு வரியை வெட்டினால் இன்றும் கோபம் வருகிறது. முதலில் மேல்வயிற்றில் ஒரு சூடு, பிறகு காது மடலில். அந்தச் சூட்டைச் சில நாள் தொலைபேசியை எடுக்கும் முன்பே பார்த்துவிடுகிறேன். சில நாள் பேசி முடித்து வைத்த பிறகு பார்க்கிறேன். இந்த இதழின் உதவி ஆசிரியரைக் கேட்டால், எந்த நாள் எது என்று அவர் சரியாகச் சொல்வார்.